இரண்டாம் பக்கம், நான்காம் நிமிடம்

ஒஸ்கார்,
இன்று ஒருவன் வந்திருந்தான்.
ஆர்ஹுஸிலிருந்து நான்கு ரயில் மாறி
செராங் வரை.
பைக்குள் பை, அதற்குள்ளும் ஒரு பை,
கடைசிப் பையில் நம் தட்டு.

அடித்தது முந்நூறு.
நாற்பதை மியூஸ் நதி கொண்டுபோனது.
அறுபதை அச்சகத்துக்காரன்
பாக்கிக்குத் தூக்கிப்போனான்.
மிச்சம் எந்த அலமாரியில் கிடக்கிறதோ.
ஒன்றின் விலை இன்று ஒரு கார் என்றான்.
ஜன்னல் வழியே என் காரைக் காட்டினேன்.
அப்படியானால் இரண்டு கார் என்றான்.

அட்டையில் அந்த ஊதா நத்தை
இன்னும் கிரகத்தை முதுகில் சுமக்கிறது.
பின்பக்கம்
ஆர்கன்: தியெரி ஆன்கே.
கிட்டார்: லெயோன் வோத்லே.
பேஸ், டிரம்ஸ்,
நன்றி சொல்லப்பட்ட ஒரு நாய்.
நமக்கு ஒரே வரி:
பித்தளை, ஆறு பேர்.

ராக் பையன்கள் நடுவே
இத்தனை ஹார்ன், இத்தனை சத்தமாய்,
யார் யோசனை என்றான்.
கிட்டார் பெட்டி கரகரத்தது,
இருந்த இரண்டு மைக்கையும்
எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள் என்றேன்.
சிரித்தான். நம்பவில்லை.
யோசனையாக இருந்தால்தான் அவனுக்கு நிம்மதி.

சொல்லாமல் விட்டது இது:
எழுபத்திரண்டு பிப்ரவரி. காலையில் கல்லறை.
உருட்டாலையில் போன உன் தம்பி மார்ஸ்லினுக்கு
ஆலை பாண்டு வாசித்து முடித்து
அதே பொத்தான் உடுப்பில்,
காலணியில் அதே களிமண்ணோடு
மூடிப்போன சினிமா கொட்டகையின்
நிலவறைக்கு இறங்கினோம்.
நீ வரவேண்டாம் என்றோம்.
வீட்டில் எல்லோரும் அழுகிறார்கள்,
இங்கே குளிராவது இருக்கிறது என்றாய்.

தியெரி நீட்டியது நோட்டேஷன் இல்லை.
பச்சை மையில் ஒரு சுருள்.
வெளியிலிருந்து உள்ளே வாருங்கள்,
நடுவில் சந்திப்போம்.
யூஃபோனியத்தைத் துடைத்தபடி ஜிஸ்லேன்
எந்த ஸ்கேலில் சந்திப்பது, தம்பி, என்றாள்.
அவனிடம் பதில் இல்லை.
டேப் ஓட ஆரம்பித்தது.

நீதான் எடுத்தாய்,
காலையில் வாசித்த அதே நடையை,
பாதி வேகத்தில்.
நாங்கள் பின்னால் வந்தோம்,
பெட்டிக்குப் பின்னால் வருவது போலவே,
யாரும் யாரையும் முந்தாமல்.
டிரம்ஸ் ஏழாய் எண்ணியது.
நாம் நான்காய்.
இருபத்தெட்டு அடிக்கு ஒருமுறை
இரண்டு பேரும் ஒரே இடத்தில் வந்து விழுந்தோம்.
மேலே ஆர்கன்
எதையோ திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

இதைத்தான் அவன் விண்வெளிப் பயணம் என்கிறான்.
விளக்கை அணைத்து ஹெட்போன் மாட்டி
சனியின் வளையங்களைக் கேட்டிருக்கிறான்.
பனி என்றான். தூசி என்றான்.
தூசி சரிதான்.

இரண்டாம் பக்கம், நான்காம் நிமிடம்:
உன் ட்ரம்பெட் ஏறுகிறது,
உச்சியில் பிளக்கிறது,
மூன்று விநாடி வெறும் காற்று.
பிறகு சுருதிக்குக் கொஞ்சம் கீழே
மறுபடி நீ.

இன்னொரு தடவை எடுக்கலாம் என்றான் ஒலிப்பதிவாளன்.
தியெரி டேப்பைப் பார்த்தான்,
உன்னைப் பார்த்தான்,
போதும் என்றான்.
அந்த முடிக்காரப் பையனை
அன்றுதான் எனக்குப் பிடித்தது.

கூலி, ஆளுக்கொரு பொட்டலம் வறுத்த உருளைக்கிழங்கு.
மயோனைஸுக்குத் தனிக் காசு.
உன் பொட்டலத்தை நீ தொடவில்லை.
நான் தின்றேன்.
ஐம்பது வருஷமாக இதை உன்னிடம்
சொல்ல நினைத்தேன், சூடாக இருந்தது.

வந்தவன் ஊசியை அந்த இடத்திலேயே வைத்தான்.
கண்ணை மூடிக்கொண்டான்.
என் சமையலறையில் மூன்று விநாடி
உன் மூச்சு.
எப்படிச் செய்தீர்கள் இதை, எந்தக் கருவி என்றான்.
நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காத்திருந்தான்.
நல்ல பையன், ஒஸ்கார்.
ஒரு காபிக்கு மூன்று முறை நன்றி சொன்னவன்.

எக்கோ மெஷின் என்றேன்.
எழுதிக்கொண்டான்.
எந்த மாடல் என்றான்.

கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.